நின்ற இடத்திலிருந்து எடுத்த அண்ணனுக்கு

அன்பு நிறைந்த அஜின் அண்ணனுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பிறர் சொன்னதைக் கேட்டேன் என்றும் பிரித்துச் சொல்வேன். அழவைப்பதற்காக ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் சாலைப் பாதுகாப்பு வாரம் வருகிறது. தலைமையாசிரியை சிஸ்டர் என்னை அறைக்கு அழைத்து, நான்தான் எழுத வேண்டும், வேறு யார் எழுதினாலும் பிள்ளைகள் மனதில் நிற்காது என்றார். தலைப்பையும் அவரே தந்தார்: "வேகத்தால் வீழ்ந்த என் அண்ணன்." உனக்கு எழுதும் கடிதமாக இருந்தால் நல்லது, முடிவில் ஓர் அறிவுரை வேண்டும், அசெம்பிளியில் மைக்கில் நானே படிக்க வேண்டும். வீட்டு விஷயம் என்பதால் அப்பாவோ அம்மாவோ படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். எந்தக் கட்டுரைப் போட்டியையும் நான் விட்டதில்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் உட்கார்ந்து அந்தத் தலைப்பை எழுதியதும் கை நின்றுவிட்டது. வீழ்ந்தாய், சரி. வேகத்தாலா?

முதலில் வீட்டுச் செய்தி சொல்கிறேன். அம்மா செபமாலையில் உன் பெயர் வருகிற இடத்தை மட்டும் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறாள். உன் கார், அப்பா ஐஸ் பெட்டி அடுக்குகிற கொட்டகையில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. முன்பக்கம் முழுவதும் நசுங்கியிருக்கிறது. பின்சக்கரங்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. பழைய இரும்புக்காரர்கள் இரண்டு முறை வந்து பார்த்தார்கள். அப்பா பேச்சை முடிக்காமலே அவர்களை அனுப்பிவிட்டார்.

இன்னொன்று. நம் வீட்டில் இப்போது சவுட்டி கிடையாது. சிஸ்டர் வெளியூர் என்பதால் விளக்குகிறேன்: வாசலில் காலைச் சவுட்டித் துடைக்கிற கயிற்று மிதியடியைத்தான் நாங்கள் சவுட்டி என்போம். முன்வாசல், பின்வாசல், குளியலறை, எங்கும் இல்லை. உன் அடக்கத்துக்கு வந்த கூட்டத்தில் தொலைந்திருக்கும் என்று அம்மா சொன்னாள். கடல்மணல் கட்டில் வரைக்கும் வருகிறது. அப்பா ஒன்றும் சொல்வதில்லை.

அது எனக்கு முதலிலேயே விசித்திரமாகப் பட்டது. குளச்சல் துறையில் மீன் ஏலம் விளிக்கிறவர் நம் அப்பா. பாதி நாளும் மீன்வெள்ளத்தில் நிற்கிறவர். ஆனால் வீட்டுக்குள் ஒரு துளி மணல் கிடந்தால் துறையில் விளிக்கிற அதே குரலில் விளிப்பார். டெம்போவிலும் ஜீப்பிலும்கூட கயிற்றுச் சவுட்டியை அளவாக வெட்டி, பெடலுக்கு அடியில் போட்டிருப்பார். நம் கரையில் பாதிப் பேர் வண்டியில் அப்படித்தான். மணலோடு பிறந்தவர்களுக்கு மணலைக் கண்டால் ஆகாது.

நீ மஸ்கட்டிலிருந்து வந்து அந்தக் காரைக் கொச்சியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்த நாள் ஓர்மை இருக்கிறதா? யாரோ ஆசையாக வாங்கி ஓட்டாமலே வைத்திருந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, இரண்டு சீட்டு, கையால் போடுகிற கியர், இழுப்பு முழுவதும் பின்சக்கரத்தில். அப்பா அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இதுல நாலு பெட்டி மீனு வைக்க முடியுமாலே?" என்று கேட்டார். நீ சிரித்தாய். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று மாலை தெருவில் போன ஒவ்வொருவரையும் நிறுத்தி அவரே பேச்சுக் கொடுத்தார். அவர்கள் காரைப் பார்க்கும் வரைக்கும் விடவில்லை. இது நான் பார்த்தது.

நான்குவழிச் சாலை இன்னும் திறக்காத அந்தத் துண்டில்தான் நீ பழகினாய். இரண்டு பக்கமும் அடைத்து வைத்திருந்ததால் வண்டி வராது. நீ, பைக்கில் பின்னால் வருகிற உன் கூட்டுக்காரன் ஷமீர், நான். அப்பாவிடம் டியூஷன் என்று சொல்லவில்லை. உன்னோடு போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன்.

பள்ளியில் எல்லாரும் நீ நூற்றைம்பதில் பறந்தாய் என்று பேசுகிறார்கள். அவர்களுக்கு நீ செய்தது என்ன என்றே தெரியாது. உனக்கு வேகம் பிடிக்காது, அண்ணே. நின்றுகொண்டிருக்கிற கார் ஓடுகிற காராக மாறுகிற அந்த இடம்தான் உனக்குப் பிடிக்கும். அதற்குப் பிறகு நீ கால் எடுத்துவிடுவாய். "அதுக்கு மேல போறதுல என்ன இருக்கு? எல்லா வண்டியும் போவும்" என்பாய்.

அது எப்படி என்று இங்கே எழுதுகிறேன். இடது காலால் கிளச்சை அடிவரை சவுட்டி முதல் கியரைப் போடுவாய். வலது காலால் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, எஞ்சின் முள்ளை ஓரிடத்தில் நடுங்காமல் நிறுத்துவாய். பிறகு கிளச்சை விட வேண்டும். சட்டென்று விட்டால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புகை கக்கும். சத்தம்தான் போகும், கார் போகாது. பயந்து பைய விட்டால் எஞ்சின் முக்கி அணையும், இல்லையென்றால் கிளச் கருகி நாறும்.

இரண்டுக்கும் நடுவில் கிளச் பிடிக்கத் தொடங்குகிற ஓர் இடம் இருக்கிறது. அங்கே கால் ஒரு கணம் தங்க வேண்டும், தூங்குகிற பிள்ளையின் தலைக்கு அடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி. அப்போது காரின் மூக்கு லேசாக எழும், முதுகு சீட்டோடு ஒட்டும். அதற்கப்புறம்தான் வலது கால் முழுக்க இறங்கும். இதற்காகத்தான் நீ செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டினாய். ஷூ போட்டால் கிளச் பேசுவது கேட்காது என்றாய்.

ஒருநாள் உனக்கு நான் இயற்பியல் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். ஓய்வுநிலை உராய்வு இயக்க உராய்வைவிடப் பெரியது; அதனால்தான் டயர் வழுக்காதவரை தரையை நன்றாகப் பிடிக்கிறது, வழுக்கத் தொடங்கினால் பிடி குறைகிறது என்றேன். நீ ஸ்டியரிங்கில் கை வைத்தபடி என்னையே பார்த்தாய்.

"அப்ப இதுக்குப் பேரு இருக்கா, ஏட்டி? இத்தன நாளும் பேரு தெரியாத ஒண்ணு கூடயா நான் மல்லுக்கு நிந்நேன்?"

அதன்பின் டயர் வழுக்கும்போதெல்லாம் நீ "ஓய்வு போச்சு, ஓய்வு போச்சு" என்று கத்துவாய். ஷமீர் அண்ணன் இரண்டு பேருக்கும் கிறுக்கு என்பார்.

நீ எடுக்கிற இடத்தில் கட்டுமான மணல் பறந்து வந்து கிடக்கும். மணலில் டயர் பிடிக்காது. அதனால் அம்மாவின் வாரியலை டிக்கியில் போட்டுக்கொண்டு வந்து, முதலில் ரோட்டைப் பெருக்குவாய். அதைப் பார்த்துத்தான் மார்த்தாண்டம் பக்கத்து ஆள் ஒருவன் உன்னைக் கேலி செய்தான். அவனிடம் உன் காரைவிடப் பெரிய கார் இருந்தது, தானே கியர் மாற்றிக்கொள்கிற கார்.

"ஏலே, காரு ஓட்ட வந்தியா, வீட்டு முத்தம் பெருக்க வந்தியா? எனக்கு இந்தப் பாடொண்ணும் இல்ல. பெடலச் சவுட்டினாப் போதும், மிச்சத்த கம்ப்யூட்டர் பாத்துக்கிடும்."

"அப்ப நீ எதுக்கு மக்கா உள்ள இருக்க? கம்ப்யூட்டர மட்டும் அனுப்பி வுடு" என்றாய்.

இது நான் நேரில் கேட்டது. அங்கே நின்றவர்கள் சிரித்ததும் அவன் முகம் மாறியதும் நான் பார்த்தது. அவனுடைய ஊர் இளைஞர் மன்றத்துக்காரர்கள்தான் பிறகு அந்தப் போட்டியை வைத்தார்கள். அதே திறக்காத ரோட்டில், நின்ற இடத்திலிருந்து கலுங்குப் பாலம் வரைக்கும். அது செய்யக்கூடாத காரியம்தான். போலீஸ் அனுமதி கிடையாது. அதை நான் மறைக்கப் போவதில்லை. நீ போகாமல் இருந்திருக்கலாம். அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது என் கோபம். ஊர்க்காரர்களுக்கு அதில் பங்கில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அருமனையில் ஒரு கல்யாணம். அப்பாவோடு ஏலத்தில் நிற்கிற ஒருவர் வீட்டுப் பெண்ணை அங்கே கட்டிக் கொடுத்தார்கள். அப்பா டெம்போவில் போகவில்லை, பஸ்ஸில் போகவில்லை. வெள்ளை வேட்டி கட்டி, உன் பக்கத்தில், அந்த இரண்டு சீட்டுக் காரில் ஏறிப் போனார். அம்மாவையும் என்னையும் பஸ்ஸில் அனுப்பினார். மலையோரம் மழை, ரப்பர் தோட்டத்துச் செம்மண் வண்டியில் ஒட்டினால் போகாது என்று சொல்லி, புறப்படும் முன் இரண்டு கயிற்றுச் சவுட்டியை வெட்டி, இரண்டு சீட்டுக்கும் முன்னால் போட்டார். நீ முகம் சுளித்ததை நான் பார்த்தேன். அவர் ஆசையாக ஏறுகிறாரே என்று விட்டுவிட்டாய்.

கல்யாண வீட்டில் அப்பா சாப்பிட்டதைவிட வாசலில் நின்றதுதான் அதிகம். "எனக்க மொவனுக்க காராக்கும்" என்று எத்தனை பேரிடம் சொன்னார் என்று நான் எண்ணவில்லை. இப்போது அவர் அந்தக் காரை வாங்காதே என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னதாகப் பேசுகிறார். அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களிடமே பேசுகிறார். அவர்களும் தலையாட்டுகிறார்கள்.

போட்டி நடந்த சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ். அதனால் நான் அங்கே இல்லை. தேர்வுத்தாள் திருத்திக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது சிஸ்டர் வந்து என் பையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எழுதவில்லை.

நான் எழுத வேண்டியது அதற்குப் பின்பு அப்பா செய்தது.

ஏழாம் நாள் பூசைக்கு முன்னால் பங்குச் சாமி நம் வீட்டுக்கு வந்தார். நீ குடித்திருந்தாய் என்று ஊரில் ஒரு பேச்சு. ஆஸ்பத்திரி அறிக்கையில் அப்படி இல்லை என்று தெரிந்தும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. சாமி அதைப் பற்றி மெதுவாகத் தொடங்கினார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"குடிக்கல சாமி. திமிரு. எனக்க மொவன் திமிருலதான் செத்தான். மறைக்காண்டாம். நீங்க பிரசங்கத்துல சொல்லுங்க, பத்துப் பயலுவ திருந்தட்டும்."

சாமி சொன்னார். உன் பெயரைச் சொல்லி, நீ கடைசியாகக் கார் ஓட்டியதைச் சொல்லி, ஆணவம் எப்படி முடியும் என்று சொன்னார். கோயிலுக்கு வெளியே வந்தபோது ஆண்கள் ஒவ்வொருவராக அப்பாவின் கையைப் பிடித்தார்கள். பெற்ற மகன் என்றும் பாராமல் உண்மையைச் சொன்ன மனிதர் என்றார்கள். அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். அதிலிருந்து அப்பாவுக்குக் கரையில் மதிப்புக் கூடிவிட்டது. துறையில் தகராறு வந்தால் அவரைக் கூப்பிடுகிறார்கள்.

எனக்குக் கிடைத்ததையும் சொல்கிறேன். இயற்பியல் வகுப்பில் உராய்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பதில், கை தூக்கினேன். பின்னாலிருந்து ஒருத்தி, "அவ அண்ணன்தானே எடுத்துக்காட்டு" என்றாள். சத்தமாக யாரும் சிரிக்கவில்லை. நான் கையை இறக்கிவிட்டேன். ஓய்வு போச்சு, அண்ணே.

இவ்வளவும் தாங்கிக்கொண்டிருந்தேன். தலைப்பை எழுதியபோதுதான் முடியவில்லை. உண்மையை எழுத வேண்டும் என்றால் அங்கே நின்றவரைக் கேட்க வேண்டும். மறுநாள் பள்ளி விட்டு யூனிஃபார்மோடு ஷமீர் அண்ணனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர் ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தார். என் செருப்பைப் பார்த்தே என்னை அடையாளம் கண்டார் போல. வெளியே வரவே நேரமாக்கினார்.

"நீ இத கேக்காத மக்கா. படிக்கிய பிள்ள, படி" என்றார்.

நான் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். சிஸ்டர் தந்த தலைப்பைச் சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். அன்று காலை அவர்தான் நம் வீட்டிலிருந்து காரை எடுத்து ஓட்டிக்கொண்டு போனாராம். நீ வாரியலோடு பைக்கில் முன்னால் போய் ரோட்டைப் பெருக்கினாயாம். மன்றத்துக்காரர்கள் ஹெல்மெட்டும் ஷூவும் இல்லாமல் விட மாட்டோம் என்றார்களாம். பாதுகாப்புக்காக. நீ ஷமீர் அண்ணனின் ஷூவை வாங்கிப் போட்டாய். மழை கறுத்துக்கொண்டு வருகிறது என்று அவசரப்படுத்தினார்கள். ஏறி உட்கார்ந்தாய்.

"அண்ணைக்கு அவன் எடுத்த மாதிரி ஒருநாளும் எடுக்கல மக்கா. ஒரு பொட்டுப் புகை இல்ல. டயர் கீச்சுன்னுகூடச் சொல்லல. மத்தவன் பெடலச் சவுட்டி முடிக்கதுக்குள்ள இவனுக்க பின்பக்கம்தான் அவனுக்குத் தெரிஞ்சுது."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. வந்ததை அவரே அறிந்து தலையைக் குனிந்துகொண்டார். இதைத்தான், அண்ணே, ஊரில் ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை. நீ ஜெயித்தாய். எடுப்பதில் நீ ஜெயித்தாய்.

பாலத்துக்கு நிறைய தூரம் இருக்கும்போதே நீ வழக்கம்போல் கால் எடுத்துவிட்டாயாம். பிரேக் லைட் எரிந்ததை ஷமீர் அண்ணன் பார்த்திருக்கிறார். ஆனால் எஞ்சின் சத்தம் குறையவில்லை. பிரேக் பிடித்தபடியே கார் அலறிக்கொண்டு போயிருக்கிறது. வலப்பக்கம் செல்போனோடு ஆட்கள் நின்றார்கள். நீ இடப்பக்கம் திருப்பினாய். அங்கே கான்கிரீட் தூண்கள் அடுக்கி வைத்திருந்தார்கள்.

முதலில் ஓடிப்போய்க் கதவை இழுத்தவர் ஷமீர் அண்ணன். உன் காலை எடுக்க முடியவில்லையாம். கயிற்றுச் சவுட்டி முன்னால் நகர்ந்து ஏறி, ஆக்ஸிலேட்டரை அமத்திப் பிடித்திருந்ததாம். மிச்சம் சுருண்டு கிளச்சுக்கு அடியில். அதனால் கிளச்சும் முழுதாக இறங்கவில்லை. டெம்போவில் பெடல் உயரத்தில் இருக்கும், சவுட்டி கிடந்தாலும் தட்டாது. உன் கார் தரையோடு தரையாகக் கிடக்கிற கார். கல்யாணத்துக்கு அப்பாவோடு போனபோது நீ பைய ஓட்டினாய். அந்தச் சவுட்டி கிடக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக இறக்கியது அன்றுதான் முதல் தடவை. வெறுங்காலாக இருந்திருந்தால் கயிறு குத்தியிருக்கும், குனிந்து எடுத்து எறிந்திருப்பாய்.

"அந்தச் சவுட்டி எங்கே?" என்று கேட்டேன்.

ஷமீர் அண்ணன் துணியைக் கீழே வைத்தார். "ஆஸ்பத்திரியில வச்சு ஒங்கப்பா கையில குடுத்தேன். இது பெடலுக்க அடியில கெடந்துது மாமான்னேன். அவரு வாங்கி மடக்கிக் கக்கத்துல வச்சாரு. எனக்கு தேங்ஸ் சொன்னாரு மக்கா."

வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்றேன். சவுட்டி இல்லாத வாசல். முன்வாசல், பின்வாசல், குளியலறை. அடக்கத்துக்கு வந்த கூட்டம் எடுத்துக்கொண்டு போகவில்லை.

கொட்டகைக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். அப்பா உட்கார்ந்த பக்கத்துச் சவுட்டி அப்படியே கிடக்கிறது. அருமனைச் செம்மண் காய்ந்து அதில் ஒட்டியிருக்கிறது. ஓட்டுகிற பக்கம் வெறும் தரை.

அப்படியென்றால் அப்பாவுக்கு அன்றே தெரியும். சாமியிடம் சொன்னபோது தெரியும். கோயில் வாசலில் கைகொடுத்தவர்களுக்குக் கை நீட்டியபோது தெரியும். எனக்கு வந்த கோபத்துக்கு இந்தக் கடிதத்தில் எழுதத் தகுந்த சொல் இல்லை. தெரியாமல் போட்டது பிழை. அதற்காக யாரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் செத்தவன் பதில் சொல்ல மாட்டான் என்று தெரிந்து அவன் மேல் ஏற்றினாரே, அது என்ன?

உன்னிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. மணல் ஒரு துளி கிடந்தால் வாரியல் எடுக்கிற நீ, டயரில் காற்றைக் கைவைத்துப் பார்க்கிற நீ, கல்யாணத்துக்குப் போட்ட சவுட்டியை எடுத்துப் போட எப்படி மறந்தாய்? அந்த ஒரு மறதி இல்லையென்றால் நீ இருப்பாய். இதை எழுதும்போது உன்னை நினைத்துத்தான் எனக்கு அழுகை அழுகையாக வருகிறது. எப்படி மறந்தாய் அண்ணே?

இதுவரை எழுதியதை இன்று செபமாலை முடிந்ததும் அப்பாவிடம் கொடுத்தேன். கையெழுத்து வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டு, மேசையில் தாளை விரித்து, உதடு அசையப் படித்தார். துறையில் அத்தனை சத்தமாக விளிக்கிறவர் படிக்கும்போது மூச்சுக்கூடக் கேட்காது. கல்யாண வீட்டுப் பக்கத்தில் ஒரு தடவை நின்றார். ஒர்க்‌ஷாப் பக்கம் வந்ததும் உதடு அசைவது நின்றுவிட்டது. நான் கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். பிரதி ஒன்று பையில் வைத்திருந்தேன்.

கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தார். பிறகு அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதுல ஒரு தப்பு இருக்கு மொவளே."

நான் குனிந்து அவர் விரல் இருந்த வரியைப் பார்த்தேன்.

"அவன் மறந்தான்னு எழுதியிருக்க. அவன் மறக்கல. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்த அண்ணைக்கே ஓட்டுற பக்கத்துச் சவுட்டிய எடுத்து வெளிய போட்டான். அப்பா, இந்த வண்டிக்கு இது ஆவாதுன்னு எங்கிட்டச் சொல்லவும் செய்தான். சனியாழ்ச காலத்த, ஷமீர் வண்டி எடுக்க வரதுக்கு முன்ன, நான்தான் திரும்ப உள்ள போட்டேன். மண்ணுக் காலோட ஏறுவானேன்னு."

அம்மாவின் கையில் கத்தி நின்றது. இது அவளுக்கும் புதிது. அவள் முகத்தை நான் பார்த்தேன். அவள் உன்னை ஆஸ்பத்திரியில் இரண்டாவது தடவை பார்த்தது போல இருந்தது.

அப்புறம் ஏன் சாமியிடம் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். அப்பா குரல் உயரவில்லை.

"அவன் செத்துட்டான். அவனுக்கு அது பாரமில்லன்னு நெனச்சேன். எனக்க தலையில வச்சா, நாளக்கி நான் துறையில எப்பிடி நிப்பேன்?"

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை, அழவுமில்லை. தாளை என் பக்கம் தள்ளினார். "அதையும் எழுது. தப்பா எழுதினத வெட்டாண்டாம். அதுக்குக் கீழ எழுது."

அவர் முன்னால் உட்கார்ந்து எழுதினேன். எழுதியது மேலே இருக்கிறது, அவர் சொன்னபடியே. அம்மா எழுந்து வந்தாள். கையைத் துடைக்காமலே சுவரில் மாட்டியிருந்த பையிலிருந்து பேனாவை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள். "போடுங்க" என்றாள். ஏழாம் நாளுக்குப் பின் அப்பாவின் முகத்தைப் பார்த்து அவள் சொன்ன முதல் சொல் அது என்று நினைக்கிறேன். அப்பா கையெழுத்துப் போட்டார்.

அண்ணே, உன்னிடம் கேட்ட கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ மறக்கவில்லை.

அப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கடிதம் அழகாக முடியும். சிஸ்டருக்கும் பிடிக்கும். ஆனால் உண்மையாக எழுதுவேன் என்று தொடங்கிவிட்டேன். மன்னிக்கவில்லை. நாளைக்கு இதைக் கேட்டவர்கள் தங்கள் வீட்டில் சொல்வார்கள். மறுநாள் அவர் துறையில் எப்படி நிற்பார் என்று எனக்குத் தெரியாது. அவருக்காகப் பயமாகவும் இருக்கிறது. இரண்டும் உண்மைதான்.

சிஸ்டர் கேட்ட அறிவுரை ஒன்று மிச்சம் இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் உங்கள் அப்பாவின் வண்டிக் கதவைத் திறந்து, பெடலுக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். சவுட்டி கிடந்தால் எடுத்து வெளியே எறியுங்கள். யாராவது திரும்பப் போட்டால் மறுபடியும் எறியுங்கள். மணல் கிடந்தால் கிடக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளை அசெம்பிளியில் அந்தத் தலைப்பைப் படிக்க மாட்டேன். நீ எடுத்த விதத்தைச் சொல்லுகிற பத்தியை ஒரு வரியும் விடாமல், முள் நடுங்காமல் நிற்பது முதல் கால் இறங்குவது வரை, நிறுத்தி நிறுத்திப் படிப்பேன். வெட்டச் சொன்னால் மைக்கை விட்டு இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்று படிப்பேன். நீ ஜெயித்தாய் என்பதை நம் கரையில் நான் ஒருத்தியாவது சத்தமாகச் சொல்வேன். அப்பாவின் குரல் எனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

இன்னும் ஒரு வரி எழுத இருந்தேன். அப்பா எழுந்து போய், கூடத்து லைட்டை, அப்புறம் வாசல் லைட்டை, கடைசியில் உன் கார் கிடக்கிற கொட்டகை லைட்டையும் அணைத்துவிட்டார்.

உன் பக்கத்து சீட்டில் இருந்த தங்கச்சி,
ஜெர்லின்